படத்தில் இருப்பவரும் படத்தைப் பார்ப்பவரும் ஒரே வீட்டுக்காரர்

கேள்வி: நடுத்தர அளவிலான ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போராலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்பட்ட நாடுகளில் மருத்துவ உதவி செய்கிறோம். அந்த நாடுகளிலிருந்து வந்து எங்கள் நகரத்தில் குடியேறியவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் எங்களுக்கு நன்கொடை தருபவர்கள் மிகக் குறைவு. மூன்று மொழிகளில் துண்டறிக்கை அச்சிட்டோம். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. போன வேண்டுகோளில் வந்த ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு, 'எங்களை இப்படித்தான் காட்டுவீர்களா?' என்று கோபமாக மின்னஞ்சல்கள் வந்தன. ஒரு சங்கத்தின் தலைவர், எதைச் செய்வதானாலும் தன் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்கிறார். அவர்களுக்கென்று தனிப் பிரசாரம் நடத்தலாம் என்கிறார் எங்கள் இயக்குநர். எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தனிப் பிரசாரம் வேண்டாம். இருக்கிற பிரசாரத்தைத் திருத்துங்கள். தெருவில் உங்கள் பொது விளம்பரத்தைப் பார்க்கிறவரும், சங்க விழாவில் நீங்கள் நீட்டும் தனித் துண்டறிக்கையை வாங்குகிறவரும் ஒரே ஆள்தான். முதலாவதில் அவருடைய ஊர்க்காரர்கள் 'அவர்கள்'. இரண்டாவதில் அவர் 'நீங்கள்'. இரண்டையும் அவர் சேர்த்துத்தான் படிப்பார். எதில் பேசுவது உங்கள் சொந்தக் குரல் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

நிதி கேட்கும் வேண்டுகோள்களுக்கு ஒரு பழகிப்போன அச்சு உண்டு. இங்கே கொடுப்பவர், அங்கே பெறுபவர், நடுவில் நிறுவனம். கொடுப்பவருக்கு அந்த நாடு தெரியாது, பெறுபவரை அவர் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் வாசகம், படம், எண்கள் எல்லாமே ஏறி நிற்கின்றன. புலம்பெயர்ந்த குடும்பத்தில் இந்த அனுமானம் செல்லாது. நீங்கள் கடிதம் அனுப்பும் பெண்ணின் சித்தி அந்த முகாமிலேயே இருக்கலாம். படத்தில் இருக்கும் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்பது இரண்டு தொலைபேசி அழைப்புகளில் அவருக்குத் தெரிந்துவிடலாம். உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலிருந்து கிளைத்தவை.

முதலில் பணம். 'அவர்கள் தருவதில்லை' என்று நிறுவனங்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் 'எங்களுக்குத் தருவதில்லை' என்பதுதான் பொருள். உலக வங்கிக் கணக்குப்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 2023இல் வெளிநாடுகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பணம் சுமார் 65,600 கோடி டாலர். பணக்கார நாடுகளின் அரசுகள் கொடுக்கும் வளர்ச்சி உதவியைப்போல இது இரு மடங்குக்கும் அதிகம். அனுப்பும் கட்டணமே சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் போகிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ஆக, உங்கள் உறை போய்ச் சேரும் வீட்டிலிருந்து அந்த மாதம் ஏற்கெனவே ஒரு தொகை ஊருக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் போய் 'ஒரு தேநீர் விலையில் ஓர் உயிரைக் காக்கலாம்' என்று எழுதினால் எரிச்சல்தான் வரும்.

வேறு விதமாகக் கேளுங்கள். அவர்கள் ஏற்கெனவே செய்துவருவதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்து, குடும்பம் அனுப்பும் பணத்தால் முடியாத எதை உங்களால் செய்ய முடியும் என்பதைச் சொல்லுங்கள். தங்கை வீட்டுக்குக் கூரை போட அவரால் முடியும். மாவட்ட மருத்துவமனைக்கு மயக்க மருந்து வாங்கி அனுப்ப முடியாது. குளிர்பதனத்தில் தடுப்பூசி கொண்டுபோவது, குடிநீருக்குக் குளோரின் இடுவது, செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் அப்படிப்பட்டவை. எந்த மாவட்டம், உள்ளூரில் உங்களோடு வேலை செய்யும் அமைப்பு எது, நூறில் எவ்வளவு அங்கே போய்ச் சேர்கிறது, எந்தப் பகுதிகளுக்கு உங்களால் போக முடியவில்லை என்பவற்றையும் அதே பக்கத்தில் வையுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறைப்பார்கள். புலம்பெயர்ந்த வாசகரிடம் அது எடுபடாது. விடுபட்ட பகுதி எது என்று அவருக்கு முன்பே தெரியும். காரணத்தை நீங்களே சொன்னால் மற்றதையும் நம்புவார்.

பேரிடர் நேரத்தில் இது இன்னும் கடுமையாகும். உங்கள் செய்திக்குறிப்பு வெளிவருவதற்கு முன்பே அவர் வீட்டுக்குத் தொலைபேசி வந்திருக்கும். எனவே அவசரத்தில் கையிருப்பிலிருந்து ஒரு பழைய வெள்ளப் படத்தை எடுத்துப் போட்டால் சில நிமிடங்களில் பிடிபடும். ஒரு பாலம், ஒரு கடைப் பலகை போதும். படக் கிடங்கில் உள்ள ஒவ்வொரு கோப்பிலும் ஊர், நாள், படம் எடுத்தவர், ஒப்புதல் காலாவதியாகும் தேதி ஆகிய நான்கும் இல்லாவிட்டால் வெளியிடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலையும், அந்த மக்கள் தங்கள் பகுதியை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வரைபடம், கொடி, ஒரு பகுதிக்கு ஒரு தரப்பு வைத்த பெயர் போன்றவற்றால் ஒரே நாட்டிலிருந்து வந்த இரண்டு குழுக்களில் ஒன்று உங்களைவிட்டு ஒரேயடியாக விலகிவிடலாம்.

இனி அந்தப் படம். ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் வகுத்த ஒரு நெறியைப் புதுக்கி, படங்களும் செய்திகளும் குறித்த நடத்தை நெறி ஒன்றை 2006இல் ஏற்றுக்கொண்டன. கண்ணியம், சமத்துவம், படத்தில் இருப்பவரின் முழுமையான ஒப்புதல், ஒரே வார்ப்பில் மக்களைக் காட்டாமல் இருப்பது ஆகியவை அதன் சாரம். உங்கள் நிறுவனத்திலும் இதைப்போல ஒரு தாள் எங்கோ இருக்கும். ஆனால் ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 'இந்தப் படம் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரின் கைபேசிக்கும் போகும். உங்கள் ஊர்க்காரர்களும் பார்ப்பார்கள். பரவாயில்லையா?' முகம் தெரியாத வெளிநாட்டார் பார்ப்பார்கள் என்றால் சரி என்பவர், சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள் என்றதும் வேண்டாம் என்பார். அந்த 'வேண்டாம்' களத்திலேயே வந்துவிட்டால், பிறகு கோப மின்னஞ்சலாக வராது.

ஒப்புதலை எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். உதவிப் பொருள் கொடுக்கும் வரிசையில் வாங்காதீர்கள். மறுத்தால் பொருள் கிடைக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். பொருள் கொடுத்து முடிந்த பிறகு, வேறோர் ஆள், அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். மனம் மாறினால் கூப்பிட ஓர் உள்ளூர் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரோடு குழந்தையிடமும் கேட்க வேண்டும். ஒப்புதலுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஆயுள் போதும். பசியில் கிடந்த பையன் கல்லூரிக்குப் போன பிறகும் அவன் படம் சுவரொட்டியில் தொங்கக் கூடாது.

பாதுகாப்பு தனிக் கணக்கு. தஞ்சம் கோரியிருப்பவர்களின் குடும்பம் ஊரில் இருக்கும்போது, படத்தில் தெரியும் பள்ளிச் சீருடை, அடையாள அட்டை, கூடார எண் ஆகியவை பின்னால் ஆபத்தாக முடியலாம். கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பில் இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்திருக்கலாம். வெளியிடும் முன் அந்தத் தரவை நீக்குங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சட்டையை அப்படியே விட்டால் பயன் இல்லை. ஊர்க்காரர்கள் சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

எதைக் காட்டுவது என்றால், அந்த நாட்டின் செவிலியரை, ஆம்புலன்ஸ் ஓட்டுநரை, குழாய் பொருத்துகிறவரை, பெயரும் வேலையும் சொல்லிக் காட்டுங்கள், அவர்கள் சம்மதித்தால். துன்பத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. துன்பத்துக்கு நடுவில் வேலை செய்கிறவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான் என்பது படத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கோபமாக எழுதியவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் போடுங்கள். 'உங்கள் உணர்வு புண்பட்டிருந்தால்' என்ற வாசகம் வேண்டாம். பழியை அவர்கள் மேலேயே திருப்பிவிடும் வாசகம் அது. படத்தை எப்போது நீக்கினோம், இனி எதை மாற்றப் போகிறோம், அடுத்த வேண்டுகோளின் வரைவைப் பார்க்க வருவீர்களா என்ற மூன்றும் போதும். மெனக்கெட்டு எழுதியவர் இன்னும் உங்களைக் கைவிடவில்லை. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல மதிப்பாய்வாளர்கள் அவர்கள்தான்.

துண்டறிக்கைகளுக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களில் நடப்பது இதுதான்: மூலப் பிரதி எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முடித்து, கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவார்கள். அவருக்கு ஒரு வரி உறுத்தினாலும் மாற்ற வழி இருக்காது. வரிசையை மாற்றுங்கள். கையெழுத்து வாங்கும் முன்பே வரைவு மொழிபெயர்ப்பாளரிடம் போகட்டும். அவர் எழுப்பும் ஐயங்களால் மூலமே திருந்தும். பிறகு அதே சமூகத்தைச் சேர்ந்த இரண்டாவது ஆள், மூலத்தைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பை மட்டும் படிக்க வேண்டும். பிறகு வெவ்வேறு வயதில் ஐந்து பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இதைக் கேட்டதும் அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னால் பிரதியைத் திருத்துங்கள். மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கும் தொகையில் பாதியளவாவது இந்த மறுவாசிப்புக்கு வையுங்கள், வாசிக்கிறவர்களுக்கு ஊதியம் உட்பட. கணினி மொழிபெயர்ப்பை உள்ளே வருகிற கடிதங்களின் சாரத்தை அறியப் பயன்படுத்தலாம். வெளியே போகிற எதற்கும் வேண்டாம்.

நாட்டை வைத்து மொழியைத் தீர்மானிப்பதும், மொழியை வைத்து எழுத்தைத் தீர்மானிப்பதும் பரவலான பிழை. குர்து மக்களில் குர்மாஞ்சி பேசுவோர் பெரும்பாலும் லத்தீன் எழுத்திலும், சொரானி பேசுவோர் அரபு எழுத்து வகையிலும் எழுதுகிறார்கள். பஞ்சாபி ஒருவருக்கு குர்முகி எழுத்து, இன்னொருவருக்கு ஷாமுகி எழுத்து. சோமாலிக்கு அதிகாரபூர்வமான லத்தீன் எழுத்து வந்ததே 1972இல்தான். அங்கே மூத்தவர்களுக்கு அச்சைவிடக் குரல் பதிவு நன்றாகப் போய்ச் சேரும். இன்னொரு பக்கம், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தாய்மொழியைப் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் இரண்டு மொழியும் பக்கத்துக்குப் பக்கமாக, பத்திக்குப் பத்தி நேராக இருக்கும் வடிவம் நல்லது. பேத்தி ஒரு பக்கத்தைப் படிக்க, பாட்டி மறுபக்கத்தைப் படிக்கலாம். மொழி தெரியாத உங்கள் ஊழியரும் எந்தப் பத்தி என்று விரல் வைத்துக் காட்டலாம்.

வடிவமைப்பில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' பத்தி அமைப்பைத் தேர்வு செய்யாமல் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். 'கொ', 'கோ' எல்லாம் சிதறும். அரபு எழுத்தில் என்றால் சேர வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக நிற்கும், வலமிருந்து இடம் ஓட வேண்டிய வரி தலைகீழாகும். மொழி தெரியாத வடிவமைப்பாளருக்கு இரண்டுமே அழகாகத்தான் தெரியும். பர்மிய மொழியில் பழைய ஸாஜி குறியாக்கத்தில் தட்டச்சிய வரிகள் யூனிகோடு கைபேசியில் குப்பையாகத் தெரியும்; மியான்மர் 2019இல்தான் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. இவற்றுக்கெல்லாம் தீர்வு ஒன்றுதான். வடிவமைத்து முடித்த பிடிஎஃப் கோப்பு அச்சுக்குப் போகும் முன் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் பட வேண்டும். அதற்கு ஒரு நாளும் ஒரு கட்டணமும் ஒதுக்குங்கள். இந்திய மொழிகளின் பிரதி பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட நீளும். பெட்டிகளை ஆங்கிலப் பிரதிக்கு அளவெடுத்து அடைக்காதீர்கள். உருதுவின் நஸ்தாலிக் எழுத்துக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும்.

குறுஞ்செய்தியிலும் ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழோ அரபியோ ஓர் எழுத்து உள்ளே வந்தாலும் அது 70ஆகச் சுருங்கும். நீளமான செய்தி துண்டாகும்போது ஒரு துண்டுக்கு 67. அதிலும் 'தொண்டு' நமக்கு மூன்று எழுத்து, குறுஞ்செய்திக்கு ஆறு. ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போனது தமிழில் பல துண்டுகளாக உடைந்து, கட்டணமும் அத்தனை மடங்காகும். அதனால் குறுஞ்செய்தியில் ஒரு வரியும் ஒரு சுட்டியும் போதும். விவரம் சுட்டிக்குப் பின்னால் இருக்கட்டும்.

அந்தச் சுட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் உங்கள் மூன்று மொழித் துண்டறிக்கை விழுந்திருக்கும் என்பது என் ஊகம். நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். துண்டறிக்கையில் உள்ள க்யூஆர் குறியைக் கைபேசியில் பிடியுங்கள். திறக்கும் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது? நன்கொடைப் படிவம்? 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று சிவப்பில் காட்டுகிறதா? ஒரே பெயர் உள்ளவர்கள், தலைப்பெழுத்தோடு எழுதுகிறவர்கள், தந்தை பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்து மூன்று பெயராக எழுதுகிறவர்கள் எல்லாம் அங்கேயே திரும்பிவிடுவார்கள். 'முழுப் பெயர்', 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்' என்று இரண்டு கட்டங்கள் போதும். தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டால் யார் எடுப்பார்? அவருக்கு அந்த மொழி தெரியுமா? தெரியாவிட்டால், 'செவ்வாய் மாலை 5 முதல் 7 வரை இந்த மொழியில் பேசலாம்' என்று போட்டு அதைக் காப்பாற்றுங்கள். எல்லா நேரமும் பேசலாம் என்று போட்டுவிட்டுப் பதிவுக் குரலை ஓடவிடுவதைவிட அது மேல். நன்றிக் கடிதம் எந்த மொழியில் போகிறது என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

அச்சுக்கு வெளியே, உங்கள் மக்கள் இருப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். எழுத்தைப் படமாக்கிச் சுவரொட்டியாக மட்டும் அனுப்பாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவரின் திரைவாசிப்பானால் அதைப் படிக்க இயலாது, தேடவும் முடியாது. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும், ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். குரல் அந்த வட்டார வழக்கில் பேசுகிறவருடையதாக இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். தஞ்சக் கோரிக்கையில் இருக்கும் ஒருவரை முன்பின் தெரியாதவர்களோடு குழுவில் சேர்ப்பது பெரிய தவறு. பின்தொடர்பவர் எண்ணைப் பிறருக்குக் காட்டாத 'சேனல்' வசதி அதற்குப் பொருத்தம்.

சங்கத் தலைவரை என்ன செய்வது? பகைத்துக்கொள்ளாதீர்கள், சாவியையும் கொடுக்காதீர்கள். மண்டபம், விழா, ஆள் சேர்ப்பு ஆகியவற்றுக்கு அவர் உதவி பெரிது. ஆனால் சங்கங்களில் பேசுவது பொதுவாக மூத்த ஆண்கள். பெண்கள் குழு, மாணவர்கள், அண்மையில் வந்தவர்கள், அந்த நாட்டிலேயே சிறுபான்மையாக இருந்தவர்கள் எல்லாம் அவர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து, அவருக்கு அதில் ஓர் இடம் கொடுங்கள். ஒரு சங்கத்துக்கு ஓர் இடம்தான் என்ற விதியை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கூட்டத்துக்கு வந்தால் ஊதியம், பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. எந்த முடிவில் குழு 'கூடாது' என்றால் நீங்கள் நிறுத்துவீர்கள், எதில் கருத்து மட்டும் கேட்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இது தெளிவாக இல்லாவிட்டால் இரண்டாவது கூட்டத்தோடு அது கண்துடைப்பு என்று பெயர் வாங்கும், அதன் பிறகு யாரை அழைத்தாலும் வர மாட்டார்கள்.

பெயரைப் பார்த்து 'இவர் இந்தச் சமூகம்' என்று தரவுத்தளத்தில் குறிக்கும் யோசனையை யாராவது கொண்டுவருவார்கள். தடுத்துவிடுங்கள். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இனமும் மதமும் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற தகவல்கள். நன்கொடையாளர்களுக்குத் தெரியாமல் அவர்களைப் பற்றி ஆராய்ந்து வகைப்படுத்தியது போன்ற காரணங்களுக்காக 2016–17இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் 13 தொண்டு நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தார். சட்டம் ஒருபுறம் இருக்க, பெயரால் ஊகித்தது பாதிக்குப் பாதி தப்பாகவும் போகலாம். 'எந்த மொழியில் தொடர்பு கொள்ளலாம்? எழுத்தா, குரலா?' என்று நேரடியாகக் கேட்டால் விருப்பமுள்ளவர்கள் சொல்வார்கள்.

இயக்குநர் எண்களைக் கேட்பார். முதல் ஆறு மாதத்தில் வசூலைக் காட்ட முயல வேண்டாம். முதல் மூன்று மாதம் ஆலோசனைக் குழுவுக்கும் படிவத்தைத் திருத்தவுமே போய்விடும். ஒரு மொழியோடு தொடங்குங்கள். மொழிக்கு ஒரு தனிச் சுட்டி கொடுத்தால் எது பகிரப்படுகிறது என்று ஓரளவு தெரியும். வாட்ஸ்அப்பில் கைமாறுவதை மின்னஞ்சல் திறப்பு விகிதம் காட்டாது. அந்த மொழியில் வந்த அழைப்புகள், படிவத்தைப் பாதியில் விட்டவர்கள், இரண்டாம் முறை கொடுத்தவர்கள், புகார் செய்துவிட்டுத் திரும்ப வந்தவர்கள் ஆகிய நான்கையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள். இரண்டாம் முறை கொடுப்பவர் எண்ணிக்கை அசைய ஆரம்பித்த பிறகு அடுத்த மொழிக்குப் பணம் கேளுங்கள்.